புதிய கேமராவின் சிஆர்3 கோப்புகளைப் பழைய லைட்ரூம் திறக்கவில்லை: என்ன செய்யலாம்?

காவிரிக்கரை (கேள்வி)

நண்பர்களுக்கு வணக்கம். கும்பகோணத்தில் திருமணம், வளைகாப்பு, காதுகுத்து போன்ற குடும்ப விசேஷங்களைப் படம் எடுத்துத் தருவது என் தொழில். பல ஆண்டுகளாகக் கேனான் இஓஎஸ் 6டி கேமராவையும், ஒரே முறை பணம் கட்டி வாங்கிய, அடோபியின் படத்திருத்த மென்பொருளான லைட்ரூம் 6-ஐயும் வைத்துக்கொண்டுதான் வேலை ஓடிக்கொண்டிருந்தது. அண்மையில் கேனான் இஓஎஸ் ஆர்6 மார்க் 2 வாங்கினேன். மண்டபத்தின் மங்கலான வெளிச்சத்திலும் கண்ணைத் தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்வதால் கேமராவைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

சென்ற வாரம் ஒரு வரவேற்பை முழுக்க முழுக்க ரா வடிவத்தில் (சென்சாரின் தரவை அப்படியே சேமிக்கும் கோப்பாக) எடுத்துவிட்டு, மெமரி கார்டைக் கணினியில் செருகி லைட்ரூமுக்குள் இறக்க முயன்றபோது, ஒரு படம்கூட உள்ளே போகவில்லை. இந்தக் கோப்புகளின் ரா வடிவம் தனக்குத் தெரியாது என்ற செய்தி மட்டும் வருகிறது. பழைய கேமராவின் கோப்புகள் சிஆர்2 என்று முடிந்தன. இவை சிஆர்3 என்று முடிகின்றன. லைட்ரூம் 6-க்குக் கிடைக்கக்கூடிய கடைசிப் பதிப்பான 6.14 தான் என்னிடம் இருக்கிறது. அதற்கு மேல் எதுவும் வரவில்லை என்பதையும் பார்த்துவிட்டேன்.

எனக்குக் குழப்பமாக இருப்பது இதுதான். விண்டோஸ் ஃபோல்டரில் அந்தப் படங்களின் சிறு உருவங்கள் தெளிவாகத் தெரிகின்றன. விண்டோஸின் படம் பார்க்கும் செயலியில் பெரிதாகவும் திறக்கின்றன. அப்படியானால் கோப்பு நன்றாக இருக்கிறது என்றுதானே பொருள்? பிறகு ஏன் லைட்ரூம் மட்டும் மறுக்கிறது? தெரிந்தவர் ஒருவர், கோப்பின் பெயரில் சிஆர்3 என்பதைச் சிஆர்2 என்று மாற்றினால் திறந்துவிடும் என்கிறார். இன்னொருவர், இணையத்தில் இலவசமாக மாற்றித் தரும் தளங்களில் ஏற்றச் சொல்கிறார். மாதச் சந்தாவுக்கு மாறுவதுதான் ஒரே வழி என்று கேமரா விற்ற கடையில் சொல்லிவிட்டார்கள். முகூர்த்த மாதங்களில் வருமானம் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் கிடையாது. ஆகவே, ஆண்டு முழுவதும் சந்தா கட்டுவதற்கு என் மனம் ஒப்பவில்லை. அதைவிட முக்கியமாக, பழைய லைட்ரூமில் பல ஆண்டுகளின் படங்களும் திருத்தங்களும் ஒரே கேட்டலாகில் அடுக்கிவைக்கப்பட்டிருக்கின்றன. அதைக் கைவிடாமல் இந்தப் புதிய கோப்புகளைத் திறக்க வழி உண்டா? விண்டோஸ் 10 கணினி, 8 ஜிபி நினைவகம். தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இருட்டறை (பதில்)

வணக்கம் நண்பரே. வழி உண்டு, செலவும் இல்லை. செய்முறைக்குப் போகும் முன், லைட்ரூம் ஏன் மறுக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அடுத்த முறை வேறு கேமரா வாங்கும்போதும் உதவும் என்பதால், அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ரா என்பது ஒரே வடிவம் அன்று. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கட்டமைப்பை வைத்திருக்கிறது; ஒரே நிறுவனத்திலும் கேமராவுக்குக் கேமரா உள்ளடக்கம் வேறுபடும். சென்சார் தரும் எண்களைப் படமாக மாற்ற வேண்டுமானால், எந்த எண்ணுக்குக் கீழே இருப்பதைக் கருப்பு என்று கொள்வது, எந்த எண்ணை எட்டினால் சென்சார் நிறைந்துவிட்டது என்று கொள்வது, சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் எந்த வரிசையில் அமைந்துள்ளன, அந்தச் சென்சாரின் சிவப்பை நம் கண் காணும் சிவப்பாக மாற்ற என்ன கணக்கு என்பன போன்ற விவரங்கள் மென்பொருளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த விவரங்களை ஒவ்வொரு கேமராவுக்கும் தனித்தனியாகச் சேர்த்துத்தான் மென்பொருள் நிறுவனங்கள் புதுப்பிப்பு வெளியிடுகின்றன. புதுப்பிப்பு நின்றுபோன மென்பொருளுக்கு, அதன் பிறகு வரும் கேமராக்கள் எல்லாமே அந்நியம்தான்.

உங்கள் நிலையில் இன்னொரு படி கூடுதலாக இருக்கிறது. கேனானின் பழைய சிஆர்2 வடிவம், டிஃப் என்ற பழைய படக்கோப்பு வடிவத்தின் கட்டமைப்பை ஒட்டியது. 2018-இல் இஓஎஸ் எம்50 கேமராவோடு வந்த சிஆர்3 வடிவமோ, எம்பி4 காணொளிக் கோப்புகளுக்கு அடிப்படையாக இருக்கும் கொள்கலன் அமைப்பை எடுத்துக்கொண்டது. உள்ளே இருக்கும் சுருக்கும் முறையும் புதிது. லைட்ரூம் 6-இன் கடைசிப் பதிப்பான 6.14 வெளிவந்தது 2017 டிசம்பரில். அதாவது, உங்கள் மென்பொருள் விடைபெற்ற பிறகுதான் அந்த வடிவமே சந்தைக்கு வந்தது. பெயரை மாற்றும் யோசனை பலிக்காது என்பதற்கும் இதுவே காரணம். பெயரின் ஈற்றைப் பார்த்து ஏமாறுவது விண்டோஸ் மட்டுமே. லைட்ரூம் கோப்பின் உள்ளே புகுந்து டிஃப் தலைப்பைத் தேடும், அது அங்கே இருக்காது.

சிறு உருவம் எப்படித் தெரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு சிஆர்3 கோப்புக்குள்ளும் கேமராவே தயாரித்து வைத்த ஜேபெக் படங்கள் மூன்று இருக்கின்றன: ஒன்று மிகச் சிறியது, ஒன்று 1620 × 1080 அளவுடையது, மூன்றாவது முழு அளவுடையது. படம் பார்க்கும் செயலிகள் பெரும்பாலும் இவற்றில் ஒன்றை எடுத்துக் காட்டிவிடும். ஆகவே சிறு உருவம் தெரிவதை வைத்து ரா பகுதியும் நலமாக இருக்கிறது என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் எல்லாக் கோப்புகளும் ஒரே மாதிரி மறுக்கப்படும்போது, பழுது கார்டில் இல்லை, மென்பொருளின் வயதில் இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

இனிச் செய்முறை. அடோபி நிறுவனமே டிஎன்ஜி கன்வெர்ட்டர் என்ற இலவச மென்பொருளை வெளியிடுகிறது. சந்தா தேவையில்லை. இது புதிய கேமராக்களின் ரா கோப்பைப் படித்து, டிஎன்ஜி என்ற பொதுவான ரா வடிவத்துக்கு மாற்றித் தரும். 2004-இல் அடோபி அறிமுகப்படுத்திய இந்த வடிவத்தின் சிறப்பு, நான் மேலே சொன்ன கருப்பு அளவு, வெள்ளை அளவு, நிறக்கணக்கு ஆகிய விவரங்கள் அனைத்தும் கோப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருப்பதுதான். எனவே ஆர்6 மார்க் 2 என்ற பெயரையே கேள்விப்படாத லைட்ரூம் 6-உம் அதைத் திறந்துவிடும். வெளிச்சம், ஒயிட் பேலன்ஸ் எல்லாவற்றையும் ராவில் செய்வதுபோலவே மாற்றலாம். லைட்ரூம் மட்டுமன்று, ரா கோப்புகளைப் படிக்கும் துணைநிரலான கேமரா ரா 9.1.1-உடன் 2015-இல் நின்றுபோன ஃபோட்டோஷாப் சிஎஸ்6 வைத்திருப்பவர்களும் இதே வழியில்தான் காலம் தள்ளுகிறார்கள்.

மாற்றும்போது சில இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது, இந்த மென்பொருள் தனிக் கோப்பைக் கேட்காது, ஃபோல்டரைத்தான் கேட்கும். படங்கள் இருக்கும் ஃபோல்டருக்குள் நுழைந்து பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லாததுபோல வெறுமையாகக் காட்டும்; பலர் இந்த இடத்தில் பயந்துபோய் நிறுத்திவிடுகிறார்கள். அந்தச் சாளரம் ஃபோல்டர்களை மட்டுமே காட்டும் என்பதால்தான் அப்படி. ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்துவிட்டு மேலே செல்லுங்கள். இரண்டாவது, விருப்பத் தேர்வுகளில் ‘ஒத்திசைவு’ (கம்பாட்டிபிலிட்டி) குறித்த ஒரு பட்டியல் இருக்கும். அதில் மிகப் புதியதைத் தேர்ந்தெடுத்தால் பழைய லைட்ரூமால் படிக்க முடியாத வகையில் கோப்பு அமையக்கூடும். ‘கேமரா ரா 7.1-உம் அதற்குப் பிந்தியவையும்’ என்ற வரியைத் தேர்ந்தெடுங்கள். லைட்ரூம் 6-க்கு அது போதும். மூன்றாவது, தரம் குறைத்துச் சுருக்கும் தேர்வையும், மூலக் கோப்பை உள்ளே பொதிந்து வைக்கும் தேர்வையும் நீக்கிவிடுங்கள். பின்னதை விட்டுவைத்தால் கோப்பின் அளவு ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

புதிய டிஎன்ஜி கன்வெர்ட்டர் உங்கள் விண்டோஸில் நிறுவ மறுத்தால் கவலை வேண்டாம். இந்தக் கேமரா சந்தைக்கு வந்த பிறகு, அதாவது 2022-இன் இறுதிக்குப் பிறகு வெளியானவற்றுள் உங்கள் கேமராவின் பெயர் ஆதரவுப் பட்டியலில் உள்ள ஏதேனும் ஒரு பதிப்பே போதுமானது.

இணையத்தில் இலவசமாக மாற்றித் தரும் தளங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றில் பல, உள்ளே இருக்கும் ஜேபெக்கை எடுத்துத் தந்துவிட்டு மாற்றிவிட்டதாகச் சொல்கின்றன. அதற்கும் மேலாக, ஒரு குடும்பத்தின் விசேஷப் படங்களை அவர்கள் அனுமதியின்றி யாரோ ஒருவரின் சர்வரில் ஏற்றுவது முறையன்று.

ஒரு வேண்டுகோள்: டிஎன்ஜி கிடைத்துவிட்டது என்பதற்காகச் சிஆர்3 மூலங்களை அழித்துவிடாதீர்கள். கேனானின் சொந்த மென்பொருளான டிஜிட்டல் ஃபோட்டோ புரொஃபஷனல் டிஎன்ஜியைத் திறக்காது. கேமராவுக்குள்ளேயே ராவை ஜேபெக்காக மாற்றும் வசதியும் மூலக் கோப்பையே கேட்கும்.

கட்டற்றவன் (பதில்)

இருட்டறை அவர்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒவ்வொரு திருமணத்துக்கும் இரண்டு தொகுதிக் கோப்புகளைச் சேமித்துக்கொண்டு, அடோபி அந்தக் கன்வெர்ட்டரை இலவசமாகத் தொடரும் என்ற நம்பிக்கையில் வாழ்வதைவிட, புதிய கேமராவுக்கு மட்டும் வேறொரு மென்பொருளைப் பழகிக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. பழைய கேட்டலாக் பழைய லைட்ரூமிலேயே இருக்கட்டும்.

டார்க்டேபிள், ரா தெரப்பி ஆகிய இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள், விண்டோஸிலும் ஓடும். சிஆர்3 வடிவத்தைக் கேனான் வெளிப்படையாக விவரிக்கவில்லை என்பதால், லோரான் கிளெவி போன்ற ஆர்வலர்கள் கோப்பைப் பைட் பைட்டாகப் பிரித்துப் பார்த்து அதன் அமைப்பைப் பொதுவில் எழுதிவைத்தார்கள். அந்த உழைப்பின் பயனாக ரா தெரப்பி 2020-இல் வந்த 5.8 பதிப்பிலும், டார்க்டேபிள் 2021 டிசம்பரில் வந்த 3.8 பதிப்பிலும் சிஆர்3-ஐத் திறக்கத் தொடங்கின. டேவ் காஃபின் என்பவர் 1997-இல் தொடங்கி ஒற்றை ஆளாக எழுதிவந்த டிசிரா என்ற நிரல்தான் இந்தத் துறைக்கே மூத்தது. அதன் கடைசிப் பதிப்பு 2018-இல் வந்ததால் அது சிஆர்3-ஐ அறியாது. இன்றும் சில பழைய இலவச மென்பொருள்கள் அதையே உள்ளே வைத்திருக்கின்றன. அவற்றை நிறுவிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

உங்கள் கேமராவை டார்க்டேபிளின் இப்போதைய பதிப்புகள் திறக்கின்றன. ஆனால் பொதுவாகப் புதிய கேமரா வாங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த மென்பொருளுக்கு ஆண்டுக்கு இருமுறை, ஜூனிலும் டிசம்பரிலும், பெரிய பதிப்பு வருவது வழக்கம். ஒரு கேமரா அதற்கு இடையில் வந்தால் சில மாதங்கள் காத்திருக்க நேரும். நிரலாளர்கள் எல்லாக் கேமராவையும் வாங்கிவைத்திருப்பதில்லை, ரா.பிக்சல்ஸ்.யுஎஸ் என்னும் தளத்தில் பயனர்கள் கொடையாக ஏற்றும் மாதிரிக் கோப்புகளை வைத்துத்தான் ஆதரவு சேர்க்கிறார்கள். உங்கள் கேமராவின் ஒவ்வொரு ரா அமைப்பிலும் ஒரு சாதாரணப் படத்தை எடுத்து அங்கே ஏற்றினால் உலகுக்கே உதவியாக இருக்கும். ஆட்கள் இல்லாத படமாக இருக்கட்டும். அங்கே ஏற்றப்படுபவை பொதுவுடைமையாகிவிடும்.

அந்தக் காத்திருப்புக் காலத்தில் சிலர் எக்சிஃப்டூல் என்ற கருவியைக் கொண்டு, கோப்பில் எழுதப்பட்டுள்ள கேமராவின் பெயரை அதன் முந்தைய மாடலின் பெயராக மாற்றித் திறப்பார்கள். கோப்பு வடிவமும் சென்சாரும் ஒன்றாகவே இருந்து பெயர் மட்டும் மாறியிருந்தால் இது பலிக்கும். சென்சார் மாறியிருந்தால் படம் திறக்கும், ஆனால் நிறம் காட்டிக்கொடுத்துவிடும். கருப்பு அளவு பிசகினால் நிழல்கள் எல்லாம் ஊதா கலந்து வெளுத்துத் தெரியும். வெள்ளை அளவு பிசகினால் ஃபிளாஷ் பட்ட வெள்ளை வேட்டியின் மடிப்புகள் இளஞ்சிவப்பாக மாறும். உங்கள் லைட்ரூமுக்கு இந்த உத்தி எவ்வகையிலும் உதவாது, ஏனென்றால் அதற்குத் தெரியாதது கேமராவின் பெயர் மட்டுமன்று, வடிவமே தெரியாது. எப்படியிருந்தாலும் இத்தகைய சோதனைகளை நகல் கோப்பில் மட்டுமே செய்யுங்கள்.

டார்க்டேபிளுக்கு மாறினால் முதலில் கண்ணில் படக்கூடிய குறையையும் சொல்லிவிடுகிறேன். இன்றைய மிரர்லெஸ் லென்ஸ்கள் பலவற்றில், விளிம்பின் வளைவையும் மூலைகளின் இருட்டையும் மென்பொருள் திருத்திக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தான் லென்ஸையே வடிவமைக்கிறார்கள். கேனானின் ஆர்எஃப் 24-105 எஃப்/4-7.1 லென்ஸை 24 மில்லிமீட்டரில் வைத்து எடுத்த மணமேடைப் படத்தைத் திருத்தமின்றித் திறந்தால், இருபுறத் தூண்களும் பீப்பாயின் பக்கங்களைப்போல வெளியே வளைந்தும், நான்கு மூலைகளும் கறுத்தும் நிற்கும். கேமராவின் திரையில் இது தெரியாது. லென்ஸ்ஃபன் என்ற பொதுத் தரவுத்தளத்தில் உங்கள் லென்ஸ் இருந்தால் டார்க்டேபிள் அதைச் சரிசெய்துவிடும். இல்லாவிட்டால் ரா தெரப்பி கைகொடுக்கும். டிஎன்ஜி கன்வெர்ட்டரோடு நிறுவப்படும் அடோபியின் லென்ஸ் கோப்புகளையும் நிறக் கோப்புகளையும் அது நேரடியாக ஏற்றுக்கொள்ளும். ஆகவே நீங்கள் எந்தப் பக்கம் போனாலும் அந்தக் கன்வெர்ட்டரை நிறுவிவைப்பதில் நட்டமில்லை. இதை நானே சொல்லவேண்டியிருப்பதைப் பார்த்து இருட்டறை சிரிப்பார்.

பறவைநோக்கி (பதில்)

திருமண வேலை எனக்குத் தெரியாது. வேடந்தாங்கல், கூந்தன்குளம் என்று பறவைகளைத் தேடி அலைபவன். நிக்கான் வைத்திருப்பவர்கள் இந்தத் திரியைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு விவரத்தைச் சேர்க்கிறேன்.

கேமராவின் பெயர் ஆதரவுப் பட்டியலில் இருந்தும் கோப்பு திறக்காமல் போவதுண்டு. 2021-இல் வந்த நிக்கான் இசட்9 முதல், நிக்கானின் ரா வடிவமான என்இஎஃப் கோப்புக்குள் உயர்திறன் சுருக்கம் என்ற புதிய முறை வந்தது. இன்டோபிக்ஸ் என்ற நிறுவனத்தின் டிக்கோரா தொழில்நுட்பத்தைக் கொண்டது அது. இசட்8, இசட்எஃப், இசட்6 மூன்றாம் தலைமுறை ஆகியவற்றிலும் இருக்கிறது. கோப்பு வெகுவாகச் சிறுத்துவிடுவதால், பறவை பறக்கும்போது தொடர்ச்சியாக எடுப்பவர்கள் பலர் இதையே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் டார்க்டேபிள் இவ்வகைக் கோப்பைத் திறப்பதில்லை. அதே கேமராவில் இழப்பற்ற சுருக்கத்தில் எடுத்த என்இஎஃப் கோப்பைத் தடையின்றித் திறக்கிறது. இரண்டின் பெயரும் ஒரே ஈற்றைக் கொண்டிருப்பதால், ஒரே கார்டில் பாதிப் படங்கள் திறந்து மீதி திறக்காமல் போகும்போது ஆள் திகைத்துவிடுவார். ஏற்கெனவே எடுத்துவிட்டவர்களுக்கு நிக்கானின் இலவச என்எக்ஸ் ஸ்டூடியோவும், மேலே சொன்ன டிஎன்ஜி கன்வெர்ட்டரும் இருக்கின்றன. இனி எடுக்கப்போகிறவர்கள் கேமராவின் ரா பதிவு மெனுவில் இழப்பற்ற சுருக்கத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கேனானிலும் இதற்கு ஓர் இணை உண்டு. ஆர்6 மார்க் 2-இல் ரா பர்ஸ்ட் என்ற முறையில் எடுத்தால், தொடர்ச்சியாக எடுத்த சட்டகங்கள் எல்லாம் ஒரே சிஆர்3 கோப்புக்குள் அடைபட்டுவிடும். அவற்றைக் கேமராவிலோ, கேனானின் சொந்த மென்பொருளிலோ ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்த பிறகே வேறு எங்கும் கொண்டுபோக முடியும். மாலை மாற்றும்போது அந்த முறையைப் பயன்படுத்தியிருந்தீர்களானால், பெருத்த அளவில் தனியாக நிற்கும் கோப்புகளைத் தேடிப் பாருங்கள்.

காவிரிக்கரை (கேட்டவர்)

அனைவருக்கும் நன்றி. டிஎன்ஜி கன்வெர்ட்டர் நிறுவி, நீங்கள் சொன்ன ஒத்திசைவு வரியைத் தேர்ந்தெடுத்து மாற்றினேன். ஃபோல்டர் வெறுமையாகத் தெரிந்த இடத்தில் நிற்காமல் போனதற்கு இருட்டறை அவர்களின் எச்சரிக்கையே காரணம். படங்கள் லைட்ரூம் 6-இல் திறந்துவிட்டன.

இப்போது இரண்டு ஐயங்கள். கேமராவின் திரையில் மணப்பெண்ணின் அரக்குச் சிவப்புப் பட்டு நேரில் கண்டதுபோலவே இருந்தது. லைட்ரூமில் அதே படம் சற்று மங்கி, செங்கல் நிறத்தை நோக்கிப் போகிறது. முகங்களும் கொஞ்சம் மஞ்சளாகத் தோன்றுகின்றன. 6டி-க்கு நான் உருவாக்கிவைத்திருந்த பிரீசெட்டை (சேமித்துவைத்த திருத்தத் தொகுப்பை) போட்டால் இன்னும் மோசமாகிறது. மாற்றியதில் நிறம் கெட்டுவிட்டதா? அடுத்து, டிஎன்ஜி வேண்டாம், கேனானின் மென்பொருளிலிருந்து டிஃப் ஆக எடுத்து லைட்ரூமில் வேலை செய்தால் நிறம் மாறாது என்று ஒருவர் சொல்கிறார். அது சரியா? ஆல்பத்துக்கு முன்னதாகச் சில படங்களை நாளைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி மாப்பிள்ளை வீட்டார் கேட்டிருக்கிறார்கள்.

இருட்டறை (பதில்)

நாளைய அவசரத்துக்கு எந்த மாற்றமும் வேண்டாம். சிஆர்3-க்குள் முழு அளவு ஜேபெக் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? எக்சிஃப்டூலால் அதை வெளியே எடுக்கலாம். அல்லது கேமராவின் மெனுவிலேயே ராவை ஜேபெக்காக்கும் வசதி உண்டு. திரையில் நீங்கள் பார்த்த அதே நிறத்தில் கிடைக்கும், வாட்ஸ்அப்புக்கு அது தாராளம்.

டிஃப் வழி தவறில்லை, ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 24.2 மெகாபிக்சல் படத்தை 16 பிட் டிஃப் ஆக எடுத்தால், சுருக்காத நிலையில் படமொன்றுக்கு 145 எம்பி வரும். 3,000 படங்கள் உள்ள ஒரு திருமணத்துக்கு 435 ஜிபி. டிஎன்ஜியோ மூலக் கோப்பின் அளவை ஒட்டியே நிற்கும். (கேமராவில் சி-ரா என்ற சிறிய வடிவத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் மட்டும், டிஎன்ஜி மூலத்தைவிடப் பெருக்கும், அதைக் கண்டு மிரள வேண்டாம்.) மேலும் டிஃப் ஆக்கியவுடன் ஒயிட் பேலன்ஸ் கோப்பில் உறைந்துவிடும், மஞ்சள் எல்இடியும் ஃபிளாஷும் கலந்த மண்டபத்தில் அந்தச் சுதந்திரம் இல்லாமல் வேலை செய்வது கடினம். அட்டைப் படம்போல ஆல்பத்தின் முக்கியமான சிலவற்றுக்கு மட்டும் அந்த வழியை வைத்துக்கொள்ளுங்கள்.

நிறம் கெடவில்லை. கேமராவின் திரை காட்டுவது கேனானின் பிக்சர் ஸ்டைல் என்ற நிற அமைப்பு பூசப்பட்ட ஜேபெக். லைட்ரூம் தொடங்குவது அடோபியின் பொதுவான நிறக்கணக்கிலிருந்து. உங்கள் 6டி-யிலும் இதே வேறுபாடு இருந்திருக்கும். அந்த பிரீசெட் பல ஆண்டுகளாக அதை ஈடுகட்டிவந்தது. சென்சார் மாறியதால் அதே ஈடு இங்கே பொருந்தவில்லை. ஆகவே புதிய கேமராவுக்கு அந்த பிரீசெட்டை மறந்துவிட்டு, டெவலப் பகுதியின் வலப்புறத்தில் எல்லாவற்றுக்கும் அடியில் உள்ள கேமரா கேலிப்ரேஷன் பலகத்தைத் திறந்து, புரொஃபைல் பட்டியலில் ‘கேமரா’ என்று தொடங்குபவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். கேனானின் ஸ்டாண்டர்ட், போர்ட்ரெய்ட், ஃபெயித்ஃபுல் ஸ்டைல்களை ஒட்டி அடோபி தயாரித்தவை அவை. பட்டியலில் அவை தோன்றாவிட்டால், டிஎன்ஜி கன்வெர்ட்டர் நிறுவும் கேமரா புரொஃபைல்ஸ் ஃபோல்டரில் உங்கள் கேமராவின் பெயரில் உள்ள டிசிபி என்ற நிறக் கோப்புகளை, உங்கள் விண்டோஸ் பயனர் கணக்கின் ஆப்டேட்டாவில் அடோபி, கேமரா ரா என்ற வரிசையில் இருக்கும் கேமரா புரொஃபைல்ஸ் ஃபோல்டருக்கு நகலெடுத்துவிட்டு லைட்ரூமை மீண்டும் தொடங்குங்கள்.

முகங்களுக்குப் போர்ட்ரெய்ட் நன்றாக அமையும் என்று தோன்றும். அரக்குப் பட்டுக்கு அது சில சமயம் அதிகமாகிவிடும். எல்இடி வெளிச்சத்தில் சிவப்புப் பட்டின் சிவப்புப் பகுதி மற்ற நிறங்களுக்கு முன்னதாகவே நிறைந்துவிடுவதால், சரிகைக்கு அருகில் நெசவின் இழைகள் மறைந்து ஒரே தட்டையான சிவப்பாகிவிடும். அந்த இடத்தை நூறு விழுக்காடு பெரிதாக்கிப் பார்த்து, இழைகள் தெரியும் புரொஃபைலைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் ஃபெயித்ஃபுல் அல்லது நியூட்ரல் என்ற இரண்டில் ஒன்றாக இருக்கும். வண்ணத்தின் அடர்த்தியைப் பிறகு நீங்களே கூட்டிக்கொள்ளலாம்.

மனத்துக்குப் பிடித்தது அமைந்தவுடன், டெவலப் மெனுவில் இயல்புநிலை அமைப்பாகச் சேமிக்கும் கட்டளை இருக்கிறது. லைட்ரூம் 6 அதைக் கேமராவின் மாடல் வாரியாக நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதால், 6டி படங்களுக்கு ஒன்றும் ஆகாது; ஆர்6 மார்க் 2-இலிருந்து இனிமேல் உள்ளே வரும் டிஎன்ஜி மட்டும் அந்தப் புரொஃபைலோடு திறக்கும்.